கடைசித் தாளுக்கு முன் சுடுதண்ணீர்

1

பொலிஸ் வான் முற்றத்துக்குள் வந்து நின்றபோது பட்டறையில் நான் மட்டும்தான். கியர்ஸ்டன் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போயிருந்தாள். மேசையில் துணி இழுத்துக் கட்டிய அச்சுச் சட்டம் கிடந்தது. ராக்கில் போஸ்டர்கள் காய்ந்துகொண்டிருந்தன. நான் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தேன்.

திறந்திருக்கக் கூடாது.

பிறகு டென்மார்க்கின் இதே ஹோர்சன்ஸ் ஊரில் இருபத்தாறு வருடம் ஸ்கிரீன் பிரின்டிங் வேலை செய்துவிட்டேன். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் நான் சொல்வது ஒன்றுதான். அது அந்த வியாழக்கிழமை எனக்குப் பிடிபட்டது.

எண்பதுகளின் நடுப்பகுதி. அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு ஹொஸ்டலில் இருந்தேன். பதில் வரும்வரை சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. சும்மா இருக்கவும் முடியவில்லை. அறைக்குள் நடப்பேன். ரயில் நிலையம் வரை நடந்து திரும்புவேன். அப்படி ஒரு நாள் நடக்கும்போது பழைய தொழிற்சாலை ஒன்றின் பின்பக்கத்திலிருந்து அச்சு மை மணந்தது. எட்டிப் பார்த்தேன். உள்ளே நின்ற பெண் ஒன்றும் கேட்காமல் ஒரு பழந்துணியைத் தந்து சட்டத்தைத் துடைக்கச் சொன்னாள். அவள்தான் கியர்ஸ்டன். ஓவியர். ஐம்பது வயதிருக்கும். மறுநாளும் போனேன். கூலி இல்லை. கோப்பி உண்டு.

ஜெர்மனியில் அமெரிக்க ஏவுகணைகளைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்த காலம். மற்றப் பக்கம் ரஷ்யாவும் வைத்திருந்தது. இடையில் நாங்கள். ஓவியர்கள், வாத்திமார், நேர்ஸ்மார், ஒரு பாதிரியார் என்று ஊரில் கொஞ்சப்பேர் சேர்ந்து ஏவுகணைகளுக்கு எதிராகச் சனிக்கிழமை ஊர்வலம் வைத்திருந்தார்கள். அதற்குத்தான் போஸ்டர்.

என் அறையில் இருந்த குணம் அண்ணைக்கு இது பிடிக்கவில்லை.

"ஊரிலை நோட்டீஸ் அடிச்சு ஓடி வந்தது காணாதெண்டு இஞ்சையும் அடிக்கிறியோ?"

"சும்மாதானே இருக்கிறன் அண்ணை."

"சும்மா இரு. அதுதான் உன்ர வேலை. பொலிஸ் பிடிச்சால் உன்ர கேஸ் முடிஞ்சுது. அடுத்த பிளேனிலை ஏத்திவிடுவான்."

மறுநாளும் பட்டறைக்குப் போனேன். ஆனால் அவர் சொன்னது உள்ளே கிடந்தது.

2

போஸ்டர் இரண்டு நிறம். முதல் சட்டத்தில் சிவப்பு: சாப்பாட்டு மேசை, நாலு கோப்பை. இரண்டாவதில் கறுப்பு: அந்த மேசை நடுவில் நட்டு வைத்த ஏவுகணை, கீழே எழுத்து. கறுப்புக்கான ஸ்டென்சிலைக் கியர்ஸ்டன் நாலு நாள் குனிந்திருந்து கத்தியால் வெட்டினாள். தண்ணீரில் கரையும் பிலிம் அது. மை எண்ணெய் மை, அதனால் அச்சடிக்கும்போது ஒன்றும் ஆகாது. மையை ஸ்பிரிட்டால் துடைக்கலாம். பிலிம் மட்டும் சுடுதண்ணீர் பட்டால் இரண்டு நிமிடத்தில் வழிந்து போய்விடும்.

அன்று முந்நூறு தாளிலும் சிவப்பு முடிந்திருந்தது. கறுப்பு எண்பது தாளுக்கு ஓடியிருந்தது.

யாழ்ப்பாணத்தில் நான் ஒரு அச்சகத்தில் மிதி மெசினுக்குத் தாள் கொடுத்தவன். ஐந்தாம் வகுப்போடு அங்கே போனேன். ஒரு நாள் ஜீப்பில் வந்தவர்கள் மை காயாத நோட்டீஸைக் கண்டார்கள். இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு எங்களுக்கு ஒரு பழக்கம் வந்தது. வாசலில் வாகனச் சத்தம் கேட்டால் முதலில் அச்செழுத்தைக் கலைப்பது. பிறகு தாளைக் கிணற்றில் போடுவது. யாரும் யாருக்கும் சொல்வதில்லை. கை தானாகப் போகும்.

வானைக் கண்டதும் கை போனது. சட்டத்தைச் சுடுதண்ணீர்க் குழாயடியில் பிடித்தேன்; ஸ்டென்சில் வழிந்து ஓடியது. கறுப்பு அடித்த எண்பது தாளையும் கழுவுகிற தொட்டிக்குள் அமுக்கினேன். ராக்கின் அடித்தட்டுகளுக்குப் போவதற்குள் கதவு திறந்தது.

3

உள்ளே வந்த பொலிஸ்காரன் நல்ல உயரம், நெடுவல். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தான். டேனிஷில் ஏதோ கேட்டான். நான் "நோ" என்றேன். திரும்பக் கேட்டான். திரும்ப "நோ" என்றேன். என் கையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

அந்த நேரம் கியர்ஸ்டன் பாணோடு வந்தாள். இருவரும் கதைத்தார்கள். அவன் ஒரு வரைபடத்தை விரித்தான். ஊர்வலம் எந்தத் தெருவால் போகிறது, எந்தச் சந்தியில் கார்களை மறிக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்க வந்திருந்தான். கோப்பி குடித்தான். போகும்போது தொட்டியைப் பார்த்து ஏதோ சொன்னான். அவள் பிறகு எனக்கு விளங்கப்படுத்தினாள்: "உங்கட ஆள் போஸ்டரையும் தோய்க்கிறான் எண்டான்."

அதற்குப் பிறகுதான் அவள் சட்டத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். வெறும் துணி. விரலால் தடவிப் பார்த்தாள்.

"ஏன்?"

அரை இங்கிலிஷிலும் கையாலும் சொன்னேன். ஜீப், நோட்டீஸ், கிணறு.

"எத்தனை பேரைக் கொண்டுபோனாங்கள்?"

"ரெண்டு பேர்."

"திரும்பி வந்தாங்களா?"

"ஒராள்."

அவள் சட்டத்தைச் சுவரில் சாய்த்தாள். பாணை வெட்டினாள். எனக்கு ஒரு துண்டு வைத்தாள். பிறகு ராக்கில் மிஞ்சியிருந்த தாள்களை எண்ணினாள். இருநூற்றிருபது. மேசை இருக்கிறது, கோப்பை இருக்கிறது, நடுவில் ஒன்றும் இல்லை.

"நடுவிலை இடமிருக்கு. ஆக்களே எழுதட்டும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை எல்லோரும் வந்தார்கள். ஆளுக்கொரு தூரிகை. ஒவ்வொருவரும் தங்களுக்குப் பட்டதை எழுதினார்கள். பாதிரியார் மூன்று தாளைப் பழுதாக்கினார். கியர்ஸ்டன் எனக்கும் ஒரு தாளும் தூரிகையும் தந்தாள். எனக்கு எழுத்து அதிகம் வராது. பெயர் எழுத வரும். மரியதாஸ் என்று எழுதினேன். எங்கள் அச்சகத்து மெசின்காரன். திரும்பி வராதவன்.

இரவு அந்தத் தாளைக் கண்டுவிட்டுக் குணம் அண்ணை சொன்னார்: "அறையிலை வைச்சு வணங்கு. தெருவிலை கொண்டு போகாதை."

சனிக்கிழமை ஒரு தடியில் ஒட்டிக் கொண்டு போனேன். பெரிய சந்தியில் அந்த நெடுவல் நின்று கார்களை மறித்துக்கொண்டிருந்தான். என் கால் ஓடத்தான் பார்த்தது. தடியை இறுக்கிப் பிடித்தேன். அவன் என்னை அடையாளம் கண்டான். தாளைக் காட்டி, என்ன எழுதியிருக்கு என்று இங்கிலிஷில் கேட்டான்.

"ஒருத்தற்ர பேர்" என்றேன்.

தலையை ஆட்டினான். நாங்கள் கடக்கும்வரை கையைக் கீழே விடவில்லை.

என் அகதிக் கேஸ் அடுத்த வருடம் சரிவந்தது. இன்றைக்கும் முற்றத்தில் வான் வந்து நின்றால் என் கை குழாய்ப் பக்கம் போகிறது. அதனால்தான் புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன். கடைசித் தாள் அடித்து முடியும்வரை சுடுதண்ணீரைத் திறக்காதே. வாசலில் யார் வந்து நின்றாலும்.