கோளாறா அளந்தவர்

சேவுகன் அண்ணன் இறந்த செய்தி மாட்டுத்தாவணியில் பேருந்து ஏறும்போது எனக்கு வந்தது. எங்கள் துறையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே வரி: 'நமது அட்டெண்டர் சேவுகன் இன்று காலை மாரடைப்பால் காலமானார்.' கீழே கைகூப்பிய படங்கள் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தன. அவர் அட்டெண்டர் அல்ல. எங்கள் பொறியியல் கல்லூரியின் உயர் மின்னழுத்த ஆய்வகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கருவிகளைக் கையாண்ட டெக்னீஷியன். செத்த அன்றைக்காவது ஒரு மனிதனின் வேலையைச் சரியாக எழுதக் கூடாதா? ஏறிய பேருந்திலிருந்து இறங்கி, விளாங்குடியில் இருக்கும் அவர் வீட்டுக்கு ஆட்டோ பிடித்தேன்.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தோமே, அதனால்தான் எழுதுகிறேன். நானும் அவரும் நான்கு ஆண்டுகள் ஒரே ஆய்வில் இருந்தோம். டிரான்ஸ்ஃபார்மருக்குள் ஊற்றும் பெட்ரோலிய எண்ணெய்க்குப் பதில் புன்னை எண்ணெய் தாங்குமா என்பது கேள்வி. ஒரு கிண்ணத்தில் எண்ணெயை ஊற்றி, அதற்குள் இரண்டு உலோகக் குண்டுகளைச் சிறு இடைவெளியில் நிறுத்தி, மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போவோம். எந்த அழுத்தத்தில் பொறி பாய்கிறதோ அதுதான் எண்ணெயின் பலம். கேட்க எளிது. ஆனால் துளி ஈரம் சேர்ந்தாலும், ஒரு தூசு விழுந்தாலும் அளவு சட்டென்று இறங்கிவிடும்.

ஓர் ஐப்பசி மழையில் காளவாசலிலிருந்தே நனைந்துகொண்டு வந்து சேர்ந்தேன். அறிக்கைக்கு நாள் நெருங்கியிருந்தது. அவரோ கருவிக்கு உறை போட்டு மூடி வைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன். "இன்னைக்கு அளந்தா எண்ணெயை அளக்க மாட்டோம் மேடம், மழையைத்தான் அளப்போம்" என்றார். நான் கத்தினேன். அவர் அசையவில்லை. வெயில் வந்தபின், ஒவ்வொரு பொறிக்குப் பிறகும் குமிழிகள் அடங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அதுக்கும் மூச்சு வாங்கும்ல. கொஞ்சம் பொறுங்க."

அவரிடம் இரண்டு நோட்டுகள் இருந்தன. மழை, வெயில் பார்க்காமல் மாணவர்கள் அவசரத்தில் எடுத்த அளவுகள் ஒன்றில். அவரே பொறுமையாக எடுத்தவை இன்னொன்றில். இந்த இரண்டாவது நோட்டின் அட்டையில் 'கோளாறா அளந்தது' என்று எழுதியிருந்தார். எங்கள் பக்கம் 'கோளாறாப் போயிட்டு வா' என்றால் பத்திரமாகப் போய்வா என்று பொருள். 'கோளாறாப் பேசுனான்' என்றால் பக்குவமாகப் பேசினான். ஆனால் ஆய்வின் கடைசி ஆண்டில் சென்னையிலிருந்து வந்து சேர்ந்த எங்கள் துறைத் தலைவருக்குக் கோளாறு என்றால் பழுது மட்டும்தான். பழுதான அளவுகள் என்று அந்த நோட்டை முழுவதுமாக ஒதுக்கிவிட்டு, மாணவர்களின் அளவுகளை மட்டும் வைத்து அறிக்கை எழுதினார். புன்னை எண்ணெய் உதவாது என்று முடிவு. ஆய்வு மூடப்பட்டது.

விஷயம் தெரிந்ததும் அண்ணன் நோட்டை எடுத்துக்கொண்டு தலைவர் அறைக்குப் போனார். நானும் கூடப் போனேன். வார்த்தைக்கு என்ன பொருள் என்று இருவரும் விளக்கினோம். தலைவர் நோட்டைத் திறக்கவே இல்லை.

"கோளாறுன்னு நீங்களே எழுதி வெச்சிருக்கீங்க. எனக்கும் தமிழ் தெரியும். ரிப்போர்ட் போயாச்சு, இனிமே மாத்த முடியாது."

மாத்த முடியாதாம். ஒரு கடிதம் போட்டால் முடிந்திருக்கும். தான் தவறாகப் படித்துவிட்டதாக எழுத அவருக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். உப்புச் சப்பில்லாத ஒரு கௌரவத்துக்காக நான்கு ஆண்டு உழைப்பைக் குப்பையில் போட்டார்.

வராந்தாவில் அண்ணன் சுவரோடு ஒட்டி நின்றார். "நான் தப்பா அளந்திருந்தா ஏசட்டும் மேடம், வாங்கிக்கிருவேன். அம்புட்டு பதனமா அளந்ததைப் போயி தப்புன்னுட்டாகளே" என்றார். நான் சொன்ன பதில் இது: "விடுங்கண்ணே, அடுத்த புராஜெக்ட்ல பாத்துக்கிரலாம்." அந்த அறிக்கையில் என் கையெழுத்தும் இருந்தது. பதவி உயர்வு நேரம் என்று வாயை மூடிக்கொண்டேன். தலைவர் மேல் இருக்கிற கோபத்துக்குக் குறையாத கோபம் எனக்கு என் மேலும் இருக்கிறது. அதற்குப் பிறகு அண்ணன் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை, மாணவர்களுக்குக் கருவியைப் போட்டுக் கொடுப்பதோடு நிறுத்திக்கொண்டார்.

சாவு வீட்டில் அவர் மனைவி அந்த நோட்டை என் கையில் கொடுத்தார். "ஒங்ககிட்டக் குடுக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாக. நீங்க வருவீகன்னு பாத்தாக" என்றார். எனக்கு அழக்கூட யோக்கியதை இல்லை என்று தோன்றியது.

ஆய்வுக்குப் பணம் கொடுத்து அறிக்கையைப் பெற்றவர்களுக்கு நேற்றுக் கடிதம் அனுப்பிவிட்டேன். என் கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாகவும், ஒதுக்கப்பட்ட அளவுகளை இணைத்திருப்பதாகவும், அளந்தவர் சேவுகன் என்றும் எழுதினேன். அவர் இருக்கும்போதே எழுதியிருக்க வேண்டிய கடிதம். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த நோட்டும், ஆறாத இந்தக் கோபமும்தான். இரண்டையும் வைத்துக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை துறையில் இரங்கல் கூட்டம். தலைவர்தான் தலைமை. அண்ணனின் நல்ல குணங்களைப் பற்றி என்னை மூன்று நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். குணங்களைப் பற்றி நான் ஒன்றும் பேசப்போவதில்லை. நோட்டைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து அளவுகளை வாசிப்பேன். எவ்வளவு நேரம் ஆனாலும் உட்கார்ந்து கேளுங்கள்.