கழிமுகத்தில் பேர் கூப்பிட்டார்கள்

தங்கதுரைக்கு ஓசூர் சொந்த ஊர் இல்லை. கோவில்பட்டிக்குத் தெற்கே ஒரு கரிசல் கிராமத்தில் பிறந்து, ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து, சிப்காட்டில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு பையோடு பஸ் ஏறி வந்தவன். வந்த புதிதில் அவனுக்கு எதுவும் பிடிபடவில்லை. டீக்கடையில் கன்னடம், மளிகைக்கடையில் தெலுங்கு, ஃபாக்டரிக்குள்ளே ஆளுக்கொரு தமிழ். அவன் பாசமாக "ஏலே" என்று கூப்பிட்டால், பக்கத்து மிஷின்காரன் வம்புக்கு வருகிறான் என்று நினைத்து முறைத்தான். முறைக்காமல் சிரித்த ஒரே ஆள் கௌஸ் மொய்தீன்.

கௌஸ் பாய் இவனைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அவருடைய அப்பா வேப்பனப்பள்ளியில் மாங்காய் வியாபாரம் செய்தவர். மகனுக்கு மண்டி பிடிக்கவில்லை, இரும்பு பிடித்துவிட்டது. நல்ல பருமன். சிரித்தால் உடம்பு முழுக்கக் குலுங்கும். ஸ்கூட்டருக்குத் தகடு அடிக்கிற பெரிய பிரஸ்ஸில் முன்பக்கம் தங்கதுரை தகடு வைப்பான், பின்பக்கம் பாய் அடித்த பாகத்தை எடுப்பார். எட்டு வருஷம் அப்படி எதிரெதிரே நின்றார்கள். காது அடைக்கும் சத்தத்தில் பேச முடியாது. பேசாமலே ஒருவரையொருவர் தெரிந்துகொண்டார்கள்.

அந்தப் பிரஸ் செக்‌ஷனில் ஒரு வழக்கம் இருந்தது. சாப்பாட்டு இடைவேளை முடிந்ததும் சூப்பர்வைசர் ஸ்ரீராம் அட்டையை வைத்துக்கொண்டு பேர் கூப்பிடுவார். குரலுக்குக் குரல் வந்தால் போதும், தலையை நிமிர்த்திப் பார்க்க மாட்டார். வெள்ளிக்கிழமைகளில் பள்ளிவாசலுக்குப் போன பாய் திரும்பி வரக் கொஞ்சம் நேரமாகும். அதற்காக அரைநாள் லீவு போட்டுவிடுவார்களே என்று, ஒரு வெள்ளிக்கிழமை பாயின் பேர் வந்தபோது தங்கதுரை சத்தமாகச் சொன்னான்: "இருக்கார் சார். ஸ்டோருக்குப் போயிருக்கார்."

அவ்வளவுதான். அதிலிருந்து அது எல்லாருக்கும் ஆகிவிட்டது. பெண்டாட்டியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வருகிறவன், பேரிகை பஸ்ஸைத் தவறவிட்டவன், சும்மா வெளியே பீடி பிடிக்கப் போனவன், யார் பேர் வந்தாலும் பதில் வராமல் போனதில்லை. "இருக்கான் சார்." யாரும் யாரையும் விட்டுக்கொடுக்காத செக்‌ஷன் என்று அவர்களுக்கே ஒரு பெருமை. மற்ற செக்‌ஷன்காரர்கள் பொறாமைப்பட்டார்கள். இதைப் பழக்கிவிட்டவன் நான்தான் என்று தங்கதுரையும் உள்ளுக்குள்ளே கொஞ்சம் நிமிர்ந்து நடந்தான். அதில் தப்பாக எதுவும் அப்போது யாருக்கும் தெரியவில்லை.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம், மிஷின் பராமரிப்புக்காக ஃபாக்டரியை நான்கு நாள் மூடியபோது, செக்‌ஷனில் பதினாலு பேர் ஒரு வேன் பிடித்து டூர் கிளம்பினார்கள். ஸ்ரீராமும் வந்தார். திருவண்ணாமலை, பாண்டிச்சேரி முடித்து, பரங்கிப்பேட்டைப் பக்கம் இறங்கினார்கள். அங்கே ஒருவர் பிளாஸ்டிக் கயாக் வாடகைக்கு விடுகிறார், ஒரு படகில் இரண்டு பேர் உட்கார்ந்து நாமே துடுப்புப் போட்டு அலையாத்திக் காட்டுக்குள் போகலாம் என்று கண்டுபிடித்தவன் முனிவேல். சூளகிரிக்காரன், எதிலும் முதல் ஆளாக ஓடுகிறவன், செக்‌ஷனில் எல்லாருக்கும் செல்லம்.

வழி இதுதான்: காயலில் இறங்கி, மரங்களுக்கு நடுவே ஓடுகிற வாய்க்கால்கள் வழியாகப் போய், கழிமுகத்தைக் கடந்து, கடலோரத்து மணல்திட்டில் கரையேற வேண்டும். வேன் ரோடு வழியாகச் சுற்றிக்கொண்டு அங்கே வந்து நிற்கும். காலிப் படகுகளைக் கடைக்காரர்களே பிறகு வந்து கட்டி இழுத்துப் போவார்கள். வழிகாட்ட ஒரே ஒரு படகுக்காரர் முன்னால் போனார்.

பாயின் எடைக்குப் படகு பின்பக்கம் தாழ்ந்து கிடந்தது. பக்கத்தில் வந்த கோவிந்தப்பன், பாயை இறக்கிவிட்டு ரெண்டு மூட்டை சிமெண்ட் ஏற்றினால் இன்னும் வேகமாகப் போகலாம் என்று கிண்டல் செய்துவிட்டு முந்திப் போனான். பாய் குலுங்கிச் சிரித்ததில் படகும் ஆடியது. இருவரும் கடைசியானார்கள். யாருக்கும் அவசரமில்லை. மரங்களின் வேர்கள் வில்லாக வளைந்து தண்ணீரில் ஊன்றி நின்றன. வேர்களில் சிப்பிகள் ஒட்டியிருந்தன. எட்டு வருஷம் பிரஸ் சத்தத்தில் இருந்த காதுகளுக்கு அந்த அமைதி என்னவோபோல் இருந்தது. பேசினால் கேட்கிறது என்பதே அதிசயமாக இருந்தது.

இடதுபக்கம் ஒரு குறுகலான வாய்க்கால் பிரிந்தது. உள்ளே கொக்குகள் வெள்ளையாக உட்கார்ந்திருந்தன. பாய் அங்கே கொஞ்சம் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றார். போனார்கள். அப்போது நீர் வற்றிக் கிடந்த நேரம். படகு ஒரு வேரில் ஏறி நின்றுகொண்டது. தள்ளிவிடலாம் என்று பாய் ஒரு காலை வெளியே ஊன்றினார். அந்தக் கால் சேற்றில் தொடைவரை இறங்கியது. படகு புரண்டு இருவரையும் தண்ணீரில் கொட்டியது.

தண்ணீர் இடுப்பளவுதான். முதலில் சிரித்தார்கள். இத்தனை வருஷம் பிரஸ்ஸில் கை போகாமல் காப்பாற்றிக்கொண்டு, இங்கே வந்து கால் போச்சே என்றார் பாய். தங்கதுரை அவர் அக்குளில் கைகொடுத்து இழுத்தான். வரவில்லை. முங்கித் தடவிப் பார்த்தான். சேற்றுக்கு அடியில் இரண்டு வேர்களுக்கு நடுவே பாதம் சிக்கியிருந்தது. துடுப்பை இடுக்கில் விட்டு நெம்பினான். துடுப்புதான் வளைந்தது. வேரைப் பிடித்து அசைத்ததில் சிப்பி கிழித்து உள்ளங்கை இரண்டும் ரத்தமாயின. அதற்குள் படகு தானாக மிதந்து வாய்க்காலுக்குள்ளே போய்க்கொண்டிருந்தது. படகு எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தபோதுதான், கடல் தண்ணீர் உள்ளே ஏறத் தொடங்கிவிட்டது என்று அவனுக்கு உறைத்தது.

இருவரும் சேர்ந்து கத்தினார்கள். காற்று கடலிலிருந்து அடித்தது. சத்தம் அவர்கள் முகத்திலேயே திரும்பி விழுந்தது.

"நீ நீந்திப் போய் யாரையாச்சும் கூட்டிக்கிட்டு வா, துரை," என்றார் பாய்.

தங்கதுரை கிணற்றில் நீந்திப் பழகியவன். அப்போது கிளம்பியிருந்தால் போயிருக்கலாம். ஆனால் இந்த வாய்க்கால்களில் வழி தவறினால்? சேற்றில் நிற்கிற மனிதரைத் தனியே விட்டுவிட்டா போவது? தவிர, அவனுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது.

"கரையேறின உடனே பேர் கூப்பிடுவாங்க பாய். ரெண்டு பேரு இல்லன்னா தெரியாமலா போகும்? இப்ப வந்துருவாங்க."

அவன் நின்றான். பாயின் முதுகுப்பக்கம் போய், அவரைத் தன்மேல் சாய்த்துக்கொண்டு, காலால் ஒரு வேரை முட்டுக்கொடுத்து நின்றான். தண்ணீர் பாயின் வயிற்றுக்கு வந்தது. மார்புக்கு வந்தது. அவசரமில்லாமல், ஒரு சத்தமும் இல்லாமல் வந்தது. பாய் மகள் ஜைபாவைப் பற்றிப் பேசினார். ஐந்தாம் வகுப்பு போகிறாள், கணக்கு வரவில்லை, இங்கிலீஷ் நன்றாக வருகிறது என்றார். தங்கதுரை தலையாட்டிக்கொண்டிருந்தான்.

மரங்களுக்கு அப்பாலிருந்து விசில் சத்தம் வந்தது. மணல்திட்டில் ஆட்களைக் கூட்டுகிற விசில். கொஞ்ச நேரத்தில் ஸ்ரீராமின் குரல் காற்றில் மிதந்து வந்தது. வார்த்தை புரியவில்லை. ஆனால் அந்தத் தாளம் அவர்களுக்குத் தெரியும். ஒரு குரல், ஒரு பதில். ஒரு குரல், ஒரு பதில். தங்கதுரை மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டான். எங்காவது ஓரிடத்தில் பதில் வராமல் நிற்க வேண்டும். அந்த இடத்துக்காகக் காத்திருந்தான்.

நிற்கவில்லை. எல்லாக் குரலுக்கும் பதில் வந்தது. பிறகு சிரிப்புச் சத்தம். வேனில் யாரோ பாட்டுப் போட்டார்கள்.

கழுத்துவரை தண்ணீரில் நின்ற பாய் திரும்பி அவனைப் பார்க்க முயன்றார்.

"யாரோ சொல்லிட்டாங்க, துரை."

சொன்னது முனிவேல். அதில் அவனுக்கு ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. அஸர் தொழுகை நேரம். பாய் மரநிழலில் எங்கோ ஒதுங்கியிருப்பார், துரை துணைக்கு நிற்பான் என்று உண்மையாகவே நினைத்தான். கூப்பிட்ட பேருக்குப் பதில் இல்லாமல் போவது அவனால் தாங்க முடியாத விஷயமாகப் பழகியிருந்தது. "ரெண்டு பேரும் இருக்காங்க சார்" என்றான். ஸ்ரீராமும் வழக்கம்போல் நிமிர்ந்து பார்க்கவில்லை. படகுக்காரர் கரையில் தாறுமாறாகக் கிடந்த படகுகளை எண்ணவில்லை. எல்லாரும் பொரித்த மீன் சாப்பிடக் கொட்டகைக்குப் போய்விட்டார்கள்.

இப்போது தங்கதுரை கிளம்பினான். பாய்தான் போகச் சொன்னார். வாய்க்காலின் வாய்வரை நீந்தியவன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பச்சைத் தண்ணீரில் வானத்தைப் பார்த்தபடி ஒரு முகம் மட்டும் மிதப்பதுபோல் தெரிந்தது. அவனால் அதற்குமேல் ஒரு கை போட முடியவில்லை. திரும்பி வந்து அந்த முகவாயை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தான். பாய் கலிமா சொல்லத் தொடங்கியிருந்தார். நடுவே ஒருமுறை நிறுத்தி, மனைவி பேரை எடுத்து, அதியாவிடம் சொல்லு என்றார். என்ன சொல்ல வேண்டும் என்பதைச் சொல்லத் தண்ணீர் இடம் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அங்கே நடந்ததை அவன் யாரிடமும் சொன்னதில்லை. வேனில் ஏறும்போது இரண்டு சீட் காலியாக இருப்பதைப் பார்த்து, மோட்டார் படகு பிடித்து வந்து தேடியவர்கள் கண்டது இதுதான்: கழுத்தளவு தண்ணீருக்குள் எதையோ தூக்கிப் பிடித்தபடி ஒருவன் நின்றுகொண்டிருந்தான். விடச் சொன்னால் விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

பாயை ஓசூரில் அடக்கம் செய்தார்கள். மையவாடியில் முனிவேல் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகையைப் பார்த்தபோதே தங்கதுரைக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. செக்‌ஷனுக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இல்லாதவர்களை இருப்பதாகச் சொல்லி யாரோ தாமதப்படுத்திவிட்டார்கள் என்பது மட்டும் எப்படியோ பாயின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

அதியா, கணவனை இழந்தவர்கள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருந்தார். வெளி ஆண்கள் முன்னால் வர மாட்டார். தங்கதுரையை மட்டும் வாசல் திரைக்கு அந்தப் பக்கம் நின்று பேசக் கூப்பிட்டு அனுப்பினார். அவன் மனைவி பேச்சியம்மாளும் கூட வந்து உள்ளே போய் உட்கார்ந்தாள். அவன் திரைக்கு வெளியே நின்றான். கையில் இன்னும் கட்டு இருந்தது.

கடைசியில் அவர் என்ன சொன்னார் என்று அதியா கேட்டார். மகள் இங்கிலீஷில் கெட்டிக்காரி என்று சொன்னதைச் சொன்னான். கலிமா சொன்னதைச் சொன்னான். திரைக்குப் பின்னால் அழுகை எழுந்து, மெல்ல அடங்கியது.

"அவரு வந்துட்டாருன்னு சொன்னது யாருண்ணா?"

தங்கதுரை தரையைப் பார்த்தான். முனிவேலுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை.

"கூட்டத்துல யாரோ சொல்லியிருக்காங்கம்மா. யாருன்னு தெரியல."

பிறகு வந்த குரலில் அழுகை இல்லை.

"வெள்ளிக்கிழமைல நீங்க சார்கிட்ட எப்படிச் சொல்லுவீங்கன்னு அவரு இங்க வந்து உங்க மாதிரியே பேசிக் காட்டிச் சிரிப்பாரு. உங்க பொய் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்ணா. இனிமே இங்க வராதீங்க."

பேச்சியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். அவளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டுத் தெருமுனைக்கு நடந்தான். இரண்டாம் ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ் வருகிற நேரம். அங்கே முனிவேல் நின்றுகொண்டிருந்தான். முகம் சவரம் செய்யாமல், ஆள் பாதியாகியிருந்தான். அவன் அங்கே நிற்பான் என்று தங்கதுரை எதிர்பார்க்கவில்லை.

"கேட்டாங்களாண்ணா?"

"கேட்டாங்க."

"எம் பேரைச் சொன்னீங்களா?"

"சொல்லல."

முனிவேல் நிம்மதியாக மூச்சுவிடுவான் என்று நினைத்தான். அவன் அப்படியே ரோட்டோரம் குந்திவிட்டான்.

"சொல்லியிருக்கலாமில்லண்ணா," என்றான். "என்னால போய்ச் சொல்ல முடியல. நீங்களாவது சொல்லியிருக்கலாமில்ல."

பஸ் வந்து நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தார். தங்கதுரை அவனைக் கை கொடுத்து எழுப்பினான். இருவரும் ஏறி, வேறு வேறு சீட்டில் உட்கார்ந்தார்கள்.