நாங்கள் அள்ளிக்கொண்டு போன மைதானம்

பிள்ளைகளா, இந்த மலையில் சமமான நிலம் கிடைப்பது அபூர்வம். கிடைத்தால் யாராவது அதில் வீடு கட்டிவிடுவார்கள், இல்லாவிட்டால் கேரட் போட்டுவிடுவார்கள். அப்படி மிஞ்சிய ஓடைக்கரைப் பள்ளம்தான் சோலூர்ப் பக்கம் இருந்த எங்கள் ஊர்ப் பள்ளிக்கு மைதானமாக வாய்த்தது. மேட்டில் இருந்த போர்டிங் பள்ளிக்கோ மலையையே வெட்டி இரண்டு மைதானம் போட்டிருந்தார்கள். சுற்றிலும் கல் பதித்த வாய்க்கால், நடுவே மெத்தை மாதிரி புல். தேயிலை ஃபேக்டரி வேலைக்கு நான் அந்த வேலியோரமாகத்தான் தினமும் நடக்க வேண்டும். அந்தப் புல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். நம் பிள்ளைகள் கல்லில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொள்ள, அங்கே புல் வெட்டுவதற்கென்றே ஓர் ஆள் சம்பளத்துக்கு இருந்தான்.

வட்டார விளையாட்டுப் போட்டி வருஷா வருஷம் அந்த மேட்டுப் பள்ளியில்தான் நடக்கும். உங்கள் அக்கா ஏழாவது படிக்கும்போது அங்கே இருநூறு மீட்டர் ஓடினாள். செருப்பில்லாத கால், பனி ஈரம் காயாத புல். வளைவில் வழுக்கி விழுந்தாள். கடைசி ஆளாக வந்து சேர்ந்தாள். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் ஒரே பேச்சுதான்: "நம்ம கிரவுண்டுல ஓடுனா நான் ஜெயிச்சிருவேன்ப்பா."

மறுவருஷம் எங்கள் ஹெட்மாஸ்டர் எப்படியோ பேசி, போட்டியை எங்கள் பள்ளிக்கு வாங்கிவிட்டார். உங்கள் அக்காவுக்குத் தரையில் கால் நிற்கவில்லை. அந்த ஆடி மாதத்தில்தான் மழை பிடித்துக்கொண்டது. ஓடை கரையை உடைத்து மைதானத்துக்குள் புகுந்தது. தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தோம். கோல் போஸ்ட் ஒன்றைக் காணோம். முழங்கால் அளவு சேறு. அதில் முட்டைக்கோசு, விதைக்கிழங்கு, யாருடையதோ ஒற்றை ரப்பர் பூட்ஸ். மேட்டுப் பள்ளியில் ஒரு புல் கூடச் சாயவில்லை. அவர்கள் வாய்க்கால் தண்ணீரும் சேர்ந்துதான் எங்கள் தலையில் இறங்கியிருந்தது.

ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. ஆனால் மைதானத்தை யாரும் பார்க்கவில்லை, மண்ணைத்தான் பார்த்தார்கள். எல்லாரும் காய்கறி போடுகிறவர்கள். ஒரு பிடி எடுத்து விரலால் நசுக்கி, மோந்து பார்த்தார்கள்.

"அடேங்கப்பா, மேல்தோட்டத்துக் கறுப்பு மண்ணு முழுக்க இங்கதான் படுத்திருக்குது!"

அப்போது நம் பக்கத்து வீட்டுக்காரரும் வந்தார். கேரட் தோட்டம் வைத்திருந்தவர். அவர் மகளும் உங்கள் அக்காவும் ஒரே வகுப்பு, ஒரே ஓட்டம். நான் அன்று ஹெட்மாஸ்டரிடம், எங்கள் ஃபேக்டரி மேனேஜரைக் கேட்டு, சேற்றை அள்ளத் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லாரி வாங்கித் தருகிறேன் என்று சொல்வதற்காக வழியெல்லாம் பேசிப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன். இந்தச் சேற்றை அள்ள லாரிக்கு எங்கே போவது என்று ஹெட்மாஸ்டர் புலம்ப, நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"ஏனுங்க சார், மண்ணெடுக்க லாரி எதுக்குங்க? வேணுங்கிறவங்க அள்ளிட்டுப் போங்கன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. ஞாயித்துக்கெழம பொழுது சாயறதுக்குள்ள கிரவுண்டு சுத்தமாயிரும்."

ஹெட்மாஸ்டர் அவர் தோளில் தட்டிச் சிரித்தார். என் லாரி என் தொண்டையிலேயே நின்றுவிட்டது. வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உங்கள் அக்கா, "அந்த மாமாவுக்கு என்ன மூளைப்பா!" என்றாள்.

"பேசாம சாப்புடு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சாக்கு, கூடை, ஜீப், எரு சுமக்கிற குதிரை என்று ஊரே வந்து இறங்கியது. நமக்கு இருந்தது குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ரெண்டு வரிசை பீன்ஸ் போடுகிற இடம். ரெண்டு சாக்கு மண் தாராளம். ஆனால் அவர் எனக்குப் பக்கத்திலேயே நின்று வெட்டினார். அவர் சாக்கு நிரம்ப நிரம்ப என் கை தானாக வேகம் எடுத்தது.

உங்கள் அம்மா என் அருகில் வந்து மெல்லக் கேட்டாள். "ஏனுங்க, நம்ம பொடக்காலியில எடமே இல்லீங்களே. எதுக்கு இத்தன?"

"அந்தாளு எடுக்கறாரில்ல?"

"அவருக்குத் தோட்டம் இருக்குதுங்க. உங்களுக்கு என்ன இருக்குது?"

என் நிலைமைதான் அங்கே எல்லாருக்கும். ஒருவர் எடுப்பதை இன்னொருவரால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. மத்தியானமே கறுப்பு மண் தீர்ந்துவிட்டது. ஆனால் யாரும் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. "ஓரத்துல இன்னும் கொஞ்சம் இருக்குதுங்க" என்று சொல்லிச் சொல்லி, வருஷக்கணக்காகப் பிள்ளைகள் ஓடி இறுகிப் போயிருந்த பழைய தரையையும் கொத்தி எடுத்துக்கொண்டு போனோம். சாயங்காலம் ஊட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய ஹெட்மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். மைதானம் மைதானமே இல்லாத அளவுக்குச் சுத்தமாகியிருந்தது. அன்று ராத்திரி பெய்த மழையில் அது குளமாயிற்று.

போட்டிக் கமிட்டி சார்பாக மேட்டுப் பள்ளி விளையாட்டு வாத்தியார் வந்து பார்த்தார். குடையைச் சாய்த்துக்கொண்டு, "நீச்சல் போட்டியும் சேத்து வெச்சுக்கலாம் போலிருக்குதே சார்" என்றார். பிறகு, "எங்க கிரவுண்டு ரெடியாத்தான் இருக்குது, சொல்லி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். உங்கள் அக்கா இதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில்தான் நின்றாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அன்று அவள் சாப்பிடவும் இல்லை.

ஹெட்மாஸ்டர் எல்லாரையும் பள்ளிக்கு வரச்சொன்னார். "எத்தன சாக்கு எடுத்தீங்களோ அத்தன சாக்கு மண்ணத் திருப்பிக் கொட்டுங்க. இல்லீன்னா போட்டி மேட்டுப் பள்ளிக்கே போயிரும்" என்றார். எல்லாரும் தலையை ஆட்டினோம்.

ஆனால் கறுப்பு மண் அதற்குள் பாத்திகளில் பரவி, மேலே விதையும் விழுந்துவிட்டது. அதைச் சுரண்டித் திருப்பிக் கொடுக்கிற மனசு இந்த ஊரில் யாருக்கு வரும்? நான் மட்டும் நல்ல மண்ணைக் கொட்ட, அவன் வீட்டில் வைத்துக்கொள்வதா என்று ஆளாளுக்கு ஒரே எண்ணம். தோட்டத்து வரப்பில் காலங்காலமாகப் பொறுக்கிப் போட்ட கல் குவியல்கள் இருந்தன. பாதை வெட்டிய இடத்தில் சரளையும் செம்மண்ணும் கிடந்தன. அதையெல்லாம் சாக்கில் நிரப்பி, கண்ணுக்கு அழகாக மேலே ஒரு பிடி கறுப்பு மண்ணைத் தூவிக் கொண்டுவந்தார்கள். நான் ஃபேக்டரிக்குப் பின்னால் ஷெட் போட வெட்டிய சரிவிலிருந்து செம்மண்ணும் ஜல்லியும் அள்ளிக்கொண்டு போனேன்.

கொட்டும்போது பக்கத்து வீட்டுக்காரர் என் சாக்கை எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, ஒரு வாரத்துல உங்க மண்ணு இப்படிச் செவந்து போச்சுங்களே!"

"உங்களுது கல்லாவே காச்சிருக்குதுங்களே" என்றேன்.

ரெண்டு பேரும் சிரித்தோம். எனக்கு அது உதட்டுச் சிரிப்புதான்.

ஹெட்மாஸ்டர் குவியல்களைப் பார்த்துவிட்டு ஆபீஸ் ரூமுக்குள் போய்விட்டார். எல்லாவற்றையும் பள்ளங்களில் தள்ளி நிரவினோம். அதன் மேலும் மழை பெய்தது. விடிந்து போய்ப் பார்த்தால் குளத்தைக் காணோம்! கல்லுக்கும் சரளைக்கும் நடுவே தண்ணீர் இறங்கி ஓடிவிட்டிருந்தது. நல்ல மண்ணைக் கொட்டியிருந்தால் சேற்றில்தான் நின்றிருப்போம். வஞ்சனையாகக் கொட்டியதால் பிழைத்தோம்.

இனி உருட்ட வேண்டும். ஃபேக்டரியில் காலியாகக் கிடந்த டீசல் டிரம் ஒன்றை மேனேஜரிடம் கேட்டு வாங்கி, நடுவில் இரும்புக் குழாய் செருகி, ஈர மணலும் கல்லும் அடைத்துக் கொண்டுவந்தேன். கயிறு கட்டி முறை வைத்து இழுத்தோம். பக்கத்து வீட்டுக்காரர் முன்கயிற்றைப் பிடித்துப் பாட்டுப் பாடிக்கொண்டே இழுத்தார். பார்க்கிறவர் கண்ணெல்லாம் அவர் மேல்தான். பிள்ளைகள் அதற்கு 'மாமா ரோலர்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். டிரம் என்னுடையது! இதை அன்று யாரிடமும் சொல்லவில்லை. இன்று உங்களிடம் சொல்கிறேன்.

போட்டி எங்கள் மைதானத்திலேயே நடந்தது. காலையில் தூறிய மழை ஓட்டம் தொடங்குவதற்குள் இருந்த இடம் தெரியவில்லை. மேட்டுப் பள்ளிப் பிள்ளைகள் வெள்ளை ஷூவோடு முள்ளில் நடப்பது போல நடந்தார்கள். அவர்கள் வாத்தியார் காலால் தரையை அழுத்தி அழுத்திப் பார்த்தார். எனக்கு மனசு நிறைந்தது.

இருநூறு மீட்டருக்கு விசில் ஊதினார்கள். உங்கள் அக்கா பறந்தாள். வளைவில் விழவில்லை, எல்லாரையும் தாண்டி முன்னால் வந்தாள். உங்கள் அம்மா உங்கள் ரெண்டு பேரையும் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக வைத்துக்கொண்டு கத்தினாள். முடிவில் கட்டியிருந்த கயிற்றைத் தொடப்போகிற சமயத்தில் பக்கத்து வீட்டுப் பெண் எங்கிருந்தோ வந்து நெஞ்சைக் கொடுத்துவிட்டாள். உங்கள் அக்கா இரண்டாவது. மேட்டுப் பள்ளிக்கு மூன்றாவது.

அவள் மூச்சு வாங்க என்னிடம் ஓடி வந்தாள். "அப்பா! மொத ரெண்டும் நாங்கதான்ப்பா!" என்று குதித்துவிட்டுச் சிநேகிதியைக் கட்டிக்கொள்ள ஓடினாள். அவளுக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஏனுங்க, அந்த வளைவுல உங்க புள்ள ஓடுன ஓட்டம் இருக்குது பாருங்க, அத எம்புள்ளைக்குக் கொஞ்சம் சொல்லித் தரச் சொல்லுங்க."

"அதுக்கென்னங்க, சொல்றேன்" என்றேன். சொல்லவில்லை.

மறுநாள் விடியக்காலை ரெண்டு பெண்களும் மைதானத்தில் ஓடிப் பழகுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஃபேக்டரிக்குப் போகிற வழியை மாற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். யார் முன்னால் வருகிறார்கள் என்று பார்க்கத்தான். பனியில் எதிர்ப்பக்கக் கரையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓர் ஆள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்தான். இதிலும் எனக்கு முன்னால் வந்துவிட்டார்.