டாக்டர் நடக்கச் சொன்னார்

எனக்குச் சிறுநீரகம் தந்தது என் தம்பி. ஒப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். நான் நடக்கவில்லை. வயிற்றில் சின்னதாக ஓர் இழுப்பு வந்தாலும், உள்ளே தைத்தது விட்டுப்போகிறதோ என்று பயம். வீடு கூட்டத் தும்புத்தடியைத் தொட்டால்கூட என் கணவர் பிடுங்கிவிடுவார். தினமும் விழுங்கும் குளிசைகளால் முகம் ஊதி, கால்கள் வலுவிழந்து, கதிரையிலேயே உட்கார்ந்து கிடந்தேன்.

தம்பி வருவது குறைந்துபோனது. போனில் கேட்டால், "கடலுக்குப் போறன் ராத்தா, நேரமில்ல" என்பான். ஆனால் அவன் அனுப்பிய மீனில் ஐஸ் பெட்டி வாசம். விடியப் பிடித்த மீன் அப்படி மணக்காது. கணவரிடம் கேட்டேன். "அதெல்லாம் யோசிக்காதீங்க" என்று எழும்பிப் போய்விட்டார். எனக்குத் தந்துவிட்டு அவன் நோயாளியாகிவிட்டான், எல்லோரும் சேர்ந்து மறைக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

ஒரு நாள் கணவர் கடைக்குப் போன நேரம், மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். தம்பியின் வீடு கண்டக்குழிக் கரையின் மறுபக்கம். மணலில் கெண்டைக்கால் இறுகியது. வள்ளங்களின் ஓரத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் போனேன். அவனுடைய வள்ளம் கவிழ்ந்து கிடந்தது. அடியில் நண்டுகள் வளை தோண்டியிருந்தன.

அவன் பக்கத்து லொட்ஜில், வெள்ளைக்காரர்கள் கடலில் சறுக்கிப் போகப் பிடிக்கும் பெரிய பட்டங்களைக் கூலிக்கு மடித்துக்கொண்டிருந்தான்.

"எங்க வலிக்குது? உண்மையச் சொல்லு."

"வலியில்ல ராத்தா." தலை குனிந்தான். "வலை இழுக்கக்குள்ள தையல் பிரிஞ்சிடுமோண்டு பயம். உங்களுக்குச் சொல்ல வேணாமெண்டு மச்சான்ட நான்தான் கேட்டன்."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"கடலுக்குப் போகலாமாம்."

"நீ நம்பல்லயா?"

"நீங்க நம்பினீங்களா?"

அப்போதுதான் அவன் மணல் படிந்த என் கால்களைப் பார்த்தான். "அங்கிருந்து நடந்தா வந்தீங்க?"

"ஓம்."

சட்டையைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். தழும்பு நன்றாக ஆறியிருந்தது. அதைக் கையால் தடவிப் பார்த்த பிறகும் மனம் முழுதாக ஒப்பவில்லை.

பெருநாள் கழிந்து அவன் முதலில் அலையில்லாத களப்புக்குப் போனான், பிறகு கடலுக்கு. நான் தினமும் கரைவரை நடக்கிறேன். வள்ளத்தை இழுக்கும்போது அவன் முகம் சுளிக்கிறானா என்று கவனிக்கிறேன். நான் மூச்சு வாங்குகிறேனா என்று அவன் கவனிக்கிறான். இரண்டு பேரும் கேட்டுக்கொள்வதில்லை.