ஜனெலின் மூன்றாவது கடிதம்

என் கடைசித் தம்பி எட்வினின் மூத்த மகள் ஜனெல், முப்பத்தொன்பதாவது வயதில் மேற்படிப்புக்கு விண்ணப்பம் போட்டாள். பள்ளிக்கூடத்தில் படிக்கத் தடுமாறுகிற பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்து, என்ன உதவி வேண்டும் என்று சொல்கிறார்களே, அந்த உளவியலாளர் வேலைக்கான படிப்பு. மூன்று வருடம். நெப்ராஸ்காவில் எங்கள் பக்கத்தில் அந்த வேலைக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். ஐந்து பள்ளிக்கூடங்களுக்கு ஒரே ஒருவர் காரில் சுற்றிக்கொண்டிருப்பார். எங்கள் பள்ளிக்கூடத்துக்குச் செவ்வாய்க்கிழமை அவர் முறை.

நான் படித்தது எட்டாவது வரை. அதே பள்ளிக்கூடத்துச் சமையலறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். ஜனெல் அங்கே வகுப்பு உதவியாளர். டீச்சர் பாடம் நடத்தும்போது, பின்தங்கின பிள்ளைக்குப் பக்கத்தில் சின்ன நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிற வேலை. பதிமூன்று வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவள் முட்டியே போயிற்று. வேலை பார்த்துக்கொண்டே, வருடத்துக்கு இரண்டு பாடம் மூன்று பாடம் என்று எடுத்துப் பட்டம் வாங்கியிருந்தாள்.

முதல் வருடம் மூன்று கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட்டாள். மூன்றிலும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதில் ஒரு கல்லூரியில் நல்ல மனுஷி ஒருத்தி இருந்திருக்கிறாள். காரணம் கேட்டு இவள் போன் போட்டபோது சொன்னாளாம்: "உங்க மார்க்குல குறை இல்ல. ஆனா இந்த வேலைய செய்யற ஒருத்தர் உங்களப் பாத்து எழுதின கடிதம் ஒண்ணுகூட இல்லையே."

மறு வருடம் மறுபடி மூன்று கல்லூரிகளுக்குப் போடுவதென்று முடிவு செய்தாள். மூன்று பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள். ஒன்று பட்டப்படிப்பில் பாடம் எடுத்த பேராசிரியர் எழுதினார். இன்னொன்று எங்கள் தலைமை ஆசிரியை திருமதி போல்மன். மூன்றாவதை ஒரு பள்ளி உளவியலாளர் எழுத வேண்டும். ஜனெலுக்குத் தெரிந்த பள்ளி உளவியலாளர் உலகத்திலேயே ஒருவர்தான். நீல்ஸ் தோர்ஸ்டெட். செவ்வாய்க்கிழமைக்காரர்.

அவரோடுதான் இவளுக்குச் சண்டை.

அது நடந்தது அதற்கு இரண்டு வருடத்துக்கு முன்னால். எங்கள் பள்ளிக்கூடத்தில் அவருக்கென்று ஓர் அறை கிடையாது. சமையலறையை ஒட்டி, மாவு மூட்டையும் காகிதத் தட்டும் அடுக்குகிற சின்ன அறை ஒன்று உண்டு. அதில் ஒரு மேஜை போட்டு, பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சோதிப்பார். டெஸ்ஸி என்று இரண்டாம் வகுப்புப் பெண். அவர் வரிசையாக எண்களைச் சொல்லுவார், அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். அவள் சொன்னது ஒன்றும் சரியில்லை. கதை சொல்லிக் கேள்வி கேட்டார். அதற்கும் பதில் இல்லை. பிள்ளைக்குப் புத்தி மந்தம், தனி வகுப்பில் போடலாம் என்கிற அளவுக்கு அறிக்கை வந்துவிட்டது.

அந்தப் பெண்ணின் அம்மா, டீச்சர், அப்போதிருந்த பழைய தலைமை ஆசிரியர், தோர்ஸ்டெட் எல்லோரும் கூட்டம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மூலையில் ஜனெல். அவளை யாரும் பேசச் சொல்லவில்லை.

"இந்தப் பரிசோதனை தப்பு," என்றாள். "பாத்திரம் கழுவற மிஷின் ஓடிக்கிட்டு இருக்கறப்ப பக்கத்து ரூம்ல வெச்சு கேட்டிருக்கீங்க. டெஸ்ஸிக்கு இடது காது சரியாக் கேக்காது. சத்தத்துல சுத்தமாவே கேக்காது. எப்பவும் வலது பக்கமாத்தான் என்கிட்ட திரும்பி உக்காருவா. இது உங்களுக்குத் தெரியாதா?"

அந்த அம்மா அழுதுவிட்டாள். தோர்ஸ்டெட்டுக்கு முகம் கழுத்து எல்லாம் சிவந்து போயிற்று. பைலை மூடினார். "இன்னைக்கு இது போதும்," என்று எழுந்து போய்விட்டார்.

அந்த மிஷினை ஓட்டியவள் நான்தான். காலைப் பலகாரத் தட்டுகளை ஒன்பதரைக்குப் போட்டால் பத்தரை வரை அது ரயில் மாதிரி சத்தம் போடும். எனக்கு மட்டும் என்ன தெரியும்?

பிறகு அவர் வேறொரு நாள் வந்து, நூலகத்தில் வைத்து, வேறொரு பரிசோதனையாகச் செய்தார் என்று கேள்விப்பட்டேன். டெஸ்ஸி தனி வகுப்புக்குப் போகவில்லை, காதுக்குக் கருவி வந்தது. ஆனால் தோர்ஸ்டெட் அதைப்பற்றி ஜனெலிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. காலை வணக்கம், அதோடு சரி. என்னிடமும் அப்படித்தான். செவ்வாய்க்கிழமை வந்ததும் சமையலறைக் கதவில் தலையை நீட்டி, "வில்மா, மிஷின் எத்தனை மணிக்கு?" என்பார். நான் சொல்லுவேன். போய்விடுவார். மனுஷன் இன்னும் குத்திக்காட்டுகிறார் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

ஆகவே ஜனெல், "தோர்ஸ்டெட் சார்கிட்டதான் கடிதம் கேக்கப்போறேன் அத்தை," என்று என் வீட்டு மேஜையில் உட்கார்ந்து சொன்னபோது, நான் கையிலிருந்த மாவை அப்படியே போட்டுவிட்டேன்.

"உனக்கு என்னடி பைத்தியமா? அவரு யாரு வம்சம் தெரியுமா? அவரு தாத்தா யென்ஸ் தோர்ஸ்டெட், கூடப்பிறந்த அண்ணன்கிட்ட பத்தொன்பது வருஷம் பேசல. வேலி ஒரு முழம் தள்ளிப் போச்சுன்னு. சர்ச்சுல ஆளுக்கு ஒரு பக்கம் உக்காருவாங்க. தங்கச்சி கல்யாணத்துக்கு ஒருத்தர் வந்தா இன்னொருத்தர் வரமாட்டேன்னுட்டாரு. அந்த ரத்தம்டி அது. மறக்கவே மறக்காது."

ஜனெலின் புருஷன் டாரல், தானியக் கிடங்கில் வேலை, எதற்கும் அவசரப்படாத ஆள். அடுப்பிலிருந்து வந்த, நடுவில் இனிப்பு வைத்துச் சுடுகிற கொலாச்சி ரொட்டியைச் சூட்டோடு வாயில் போட்டுக்கொண்டு, "அத்தை, எங்க வம்சத்தப் பத்தி என்ன வெச்சிருக்கீங்க?" என்றான்.

"உங்க வம்சம் பூரா தின்னிப்பண்டாரம். வாய மூடிக்கிட்டுத் தின்னு."

"வாய மூடிட்டு எப்படித் திங்கறது?"

ஜனெல் சிரிக்கவில்லை. "இந்தத் தடவையோட சரி அத்தை," என்றாள். "இதுலயும் வரலைன்னா விட்டுடறேன். நாப்பது வயசுக்கு மேல மறுபடி மறுபடி கேட்டு நிக்க என்னால முடியாது. ஆனா கேக்காம விட்டேன்னு இருக்கக் கூடாது."

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் அந்தச் சின்ன அறைக்குப் போனாள். நான் பரிமாறுகிற ஜன்னலுக்குப் பின்னால் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தேன். காது அங்கேதான் இருந்தது.

"சார், ஒரு நிமிஷம் இருக்கா?"

"அடுத்த பையன் வர்றதுக்குப் பன்னண்டு நிமிஷம் இருக்கு."

"நான் மேல்படிப்புக்கு மனு போடறேன். உங்க வேலைக்குத்தான். நீங்க ஒரு கடிதம் எழுதித் தர முடியுமா?"

நான் கத்தியை நிறுத்திவிட்டேன்.

"எழுதினா நடந்தது நடந்தபடிதான் எழுதுவேன், ஜனெல். சர்க்கரை தடவத் தெரியாது எனக்கு."

"அதுதான் வேணும் சார்."

"கடைசித் தேதி?"

"டிசம்பர் ஒண்ணு."

"சரி." அவ்வளவுதான்.

விண்ணப்பத்தை என் மேஜையில் வைத்துத்தான் கம்ப்யூட்டரில் போட்டாள். அதில் ஓர் இடத்தில் கேட்கிறார்கள்: உன்னைப்பற்றி எழுதுகிற கடிதத்தைப் பார்க்க உனக்கு உரிமை உண்டு, அதை விட்டுக்கொடுக்கிறாயா என்று. ஜனெல், ஆமாம் என்று குறி போட்டாள்.

"உனக்கு உள்ள உரிமைய ஏன்டி விட்டுக்குடுக்கற? அதுவும் அந்தாளு எழுதறதுல?"

"விடலைன்னா, நான் படிப்பேன்னு பயந்து எழுதின கடிதம்னு நினைப்பாங்க அத்தை. எல்லாரும் விட்டுத்தான் குடுப்பாங்க. அப்பதான் அந்தக் கடிதத்துக்கு மதிப்பு."

"அப்ப அவரு என்ன எழுதினாலும் உனக்குத் தெரியாது?"

"சாகற வரைக்கும் தெரியாது."

எதற்காக இந்தப் படிப்பு என்று ஒரு கட்டுரையும் எழுத வேண்டும். அதில் டெஸ்ஸி சண்டையை எழுது என்று டாரல் சொன்னான். ஜனெல் மாட்டேன் என்றுவிட்டாள். "அது அந்தப் பிள்ளையோட கதை. நான் ஜெயிச்ச மாதிரி எழுதினா அசிங்கமா இருக்கும்." சின்ன நாற்காலியைப் பற்றி எழுதினாள். பிள்ளையின் கண் மட்டத்தில் உட்கார்ந்தால் என்னென்ன தெரிகிறது என்று. எனக்கு வாசித்துக் காட்டினாள். நன்றாக இருந்தது, எனக்குப் புரிந்தது, அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

நவம்பர் முழுக்க அந்தக் கம்ப்யூட்டர் பக்கத்தில் மூன்று பெயருக்கு நேரே பார்ப்போம். பேராசிரியர், வந்துவிட்டது. போல்மன், வந்துவிட்டது. தோர்ஸ்டெட், வரவில்லை. நன்றி சொல்லும் நாள் விருந்து வந்து போயிற்று. வான்கோழி மிச்சமும் தீர்ந்தது. வரவில்லை. நான் சொன்னேனே என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது; அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். கடைசி நாள், சாயங்காலம் நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, வந்துவிட்டது என்று காட்டியது.

வந்தது என்றால் நல்லதாக வந்தது என்று அர்த்தமா? ஜனவரியில் ஒரு கல்லூரி, வேண்டாம் என்று எழுதியது. இன்னொன்றும் அதே மாதிரி. ஜனெல் மெலிந்துபோனாள். "அந்த தோர்ஸ்டெட் ரத்தம் வேலைய காட்டிடுச்சு," என்று நான் டாரலிடம் சொன்னேன்.

மூன்றாவது கல்லூரி நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. பிப்ரவரி, ரோடெல்லாம் பனி. டாரல் லீவு போட்டு மூன்று மணி நேரம் ஓட்டிக்கொண்டு போனான். மறுநாள் இரண்டு பேரும் நேரே என் வீட்டுக்கு வந்தார்கள். கோட்டைக்கூடக் கழற்றாமல் ஜனெல் சொன்னாள்:

"மூணு பேராசிரியருங்க அத்தை. நல்லாத்தான் பேசிட்டிருந்தாங்க. திடீர்னு ஒரு அம்மா கேட்டாங்க: 'ஒரு உளவியலாளரோட முடிவு தப்புன்னு நீங்க எழுந்து சொன்ன சமயத்தப் பத்திச் சொல்லுங்க'ன்னு."

கட்டுரையில் அது இல்லை. போல்மன் அந்தச் சண்டைக்கு அப்புறம் வந்தவள், அவளுக்கு ஒன்றும் தெரியாது. பேராசிரியருக்கும் தெரியாது. சொல்லியிருந்தால் ஒரே ஒரு ஆள்தான் சொல்லியிருக்க முடியும்.

"போச்சுடா," என்றேன்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன். சரி, போனாலும் உள்ளதச் சொல்லிட்டுப் போலாம்னு சொன்னேன். நான் சொன்னது சரி, ஆனா சொன்ன இடம் தப்பு. டெஸ்ஸியோட அம்மாவ வெச்சுக்கிட்டு அவரக் கேவலப்படுத்தியிருக்கக் கூடாது. முதல்ல அவர்கிட்ட தனியாப் போயிருக்கணும். பயம். நாலு பேர் இருந்தாத்தான் எனக்கு வாய் வருது. அவரு அப்புறம் வேற நாள் வந்து அந்தப் பிள்ளைய மறுபடி பாத்தாரு, நான் அவருக்கு ஒரு நன்றிகூடச் சொல்லலன்னு சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"அவங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அந்த அம்மா பேனாவக் கீழ வெச்சுட்டு, 'வேடிக்கையா இருக்கு'ன்னாங்க. 'நீங்களும் அவரும், ஆளாளுக்குத் தப்பத் தன் பக்கமே இழுத்துக்கறீங்க.' அப்புறம் சொல்லக் கூடாததச் சொல்லிட்ட மாதிரி வாய மூடிக்கிட்டாங்க."

டாரல் மூக்கை உறிஞ்சினான். குளிர் என்று சொன்னான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு வருடமாகச் செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்த மனுஷன் கதவில் தலையை நீட்டி மிஷின் எத்தனை மணிக்கு என்று கேட்டது எதற்கு? அந்த நேரத்தில் எந்தப் பிள்ளையையும் அங்கே உட்கார வைக்கக் கூடாது என்றுதான். குத்திக்காட்டுகிறார் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. யென்ஸ் தோர்ஸ்டெட் பத்தொன்பது வருடம் பேசவில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே, இருபதாவது வருடம் அண்ணனுடைய களஞ்சியம் தீப்பிடித்தபோது முதலில் ஓடியவர் அவர்தான். மறு வாரம் மரம் ஏற்றி வந்து தன் கையால் கட்டிக்கொடுத்தார். எங்கள் அப்பாவும் போய் ஆணி அடித்தார். அதுவும் எனக்குத் தெரியும். பாதிக் கதையை மட்டும் சொல்லிப் பழகிவிட்டேன்.

மார்ச் மாதம் கல்லூரியிலிருந்து போன் வந்தது. பத்து பேரை எடுக்கிறார்கள், அதில் ஜனெலும் ஒருத்தி. அவள் சமையலறைக்கு ஓடி வந்து என்னைத் தூக்கப் பார்த்தாள். என் எடைக்கு அது நடக்கவில்லை.

ஆனால் ஒரு சிக்கல். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுத்தவள், அதில் இருந்ததற்கு எப்படி நன்றி சொல்வாள்? அவளுக்கு அது தெரியவே கூடாது. இடம் கிடைத்தது, எழுதினதுக்கு நன்றி என்று சம்பிரதாயமாக ஓர் அட்டை கொடுத்தாள். "சந்தோஷம்," என்றார் அவர். நெஞ்சில் இருந்ததை அவள் அட்டையில் எழுத முடியவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை நான் விடிகாலையில் எழுந்து கசகசா வைத்து ஒரு டஜன் கொலாச்சி சுட்டுப் பெட்டியில் போட்டு அவளிடம் கொடுத்தேன். அவள் அதை அந்தச் சின்ன அறை மேஜையில் கொண்டுபோய் வைத்தாள்.

"இது எதுக்கு?"

"ஒண்ணுமில்ல சார். மிச்சமாயிடுச்சு."

"பன்னண்டு மிச்சமா?"

"அத்தை கைக்கு அளவு தெரியாது."

அவர் பெட்டியைத் திறந்தார். இன்னும் சூடு இருந்தது. மிச்சமான பண்டத்தில் ஆவி பறக்குமா? ஒன்றை எடுத்து நிதானமாகத் தின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"டெஸ்ஸி இப்ப நாலாங்கிளாஸ்ல நல்லா வாசிக்கறாளாம்," என்றார்.

"ஆமா சார்," என்றாள் ஜனெல்.

இதுதான் அவர்கள் அதைப்பற்றிப் பேசிய பேச்சு. பிறகு அவர் எழுந்து என் கதவுக்கு வந்தார். தலையை நீட்டினார்.

"வில்மா, மிஷின் எத்தனை மணிக்கு?"

"நீங்க சொல்ற மணிக்கு," என்றேன்.