கத்திரியக்கா வெட்டாமல் விட்டது

ஸ்டூடியோவில் அவளுக்குக் கத்திரியக்கா என்று பெயர். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவது அவள் வேலை. கேமராக்காரர்கள் நாள் முழுக்க எடுத்துக் கொண்டுவந்து கொட்டுவதை, பார்க்கிறவர்கள் கொட்டாவி விடாத அளவுக்குக் குறைத்துக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளையின் சித்தப்பா பல் குத்துவது, சம்பந்திகள் ஒரு நாற்காலிக்காக முறைத்துக்கொள்வது, பெண்ணின் மாமா சாப்பாட்டைக் குறை சொல்வது எல்லாம் அவள் கைபட்டால் காணாமல் போய்விடும். அந்தக் கல்யாணத்தில் சண்டையே நடக்கவில்லை என்று, சண்டை போட்டவர்களே சத்தியம் செய்வார்கள்.

அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரே ஓர் ஆளை மட்டும் வெட்டத் தெரியவில்லை. அது அவளுடைய சொந்தத் தங்கை.

தங்கை வேறு ஊரில், பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே எடுக்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொந்தமாகக் கார் வைத்திருக்கிறாள், குட்டையாக முடி வெட்டியிருக்கிறாள், சிரித்தால் மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும். இதெல்லாம்கூடப் போகட்டும். கத்திரியக்காவின் ஒரே மகள் வாயைத் திறந்தால் ‘சித்தி சொன்னாங்க’தான். ஷூவுக்கு எந்த நிறம் என்பதற்கும் சித்தி, தலைவலிக்கு எந்த மாத்திரை என்பதற்கும் சித்தி. பெற்றவள் பக்கத்திலேயே குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்க, அந்தப் பெண் போனைக் காதில் வைத்துக்கொண்டு சித்தியோடு விழுந்து விழுந்து சிரிக்கும். என்னடி சிரிப்பு என்று கேட்டால், சொன்னா உனக்குப் புரியாதும்மா என்று பதில் வரும். கத்திரியக்காவுக்கு வயிறு எரியும். இதை நயமாகச் சொல்ல வழியில்லை. பொறாமை என்றால் பொறாமைதான்.

போதாக்குறைக்கு அந்தத் தங்கை புதிதாக ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். மகள் பத்தாவது முடித்திருந்தாள். நன்றாக ஓவியம் வரைவாள். தங்கை வீட்டுக்கு அடுத்த தெருவிலேயே ஓவியத்தைப் பாடமாகச் சொல்லித் தரும் பள்ளிக்கூடம் இருக்கிறதாம். இரண்டு வருஷம் தன்னோடு தங்கிப் படிக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் முடிவு சொன்னால் இடம் வாங்கிவிடலாம் என்றாள். கத்திரியக்காவின் கணவர் தொலைதூர லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான் குடித்தனம். போனில் கேட்டதற்கு, அவ இஷ்டம் என்று சொல்லி நைசாகக் கழன்றுகொண்டார். மகளோ யோசிக்கிறேன் என்றாள். யோசிக்கிற முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

போகக்கூடாது என்று ஒரு வார்த்தை சொன்னால் மகள் போகமாட்டாள்தான். ஆனால் காலம் முழுக்க, அம்மா விடல என்ற பேச்சு நிற்கும். கத்திரியக்காவுக்கு வேண்டியது அது இல்லை. மகளே வந்து, தானாக, சித்தி வேண்டாம் நீதான் வேணும் என்று சொல்ல வேண்டும். அதைத் தன் காதால் கேட்க வேண்டும். அதற்கு என்ன வழி என்று மண்டையை உடைத்துக்கொண்டபோதுதான் அந்தப் படம் ஞாபகத்துக்கு வந்தது.

சின்ன வயதில் அக்காவும் தங்கையும் கேசட் தேயத் தேயப் பார்த்த படம். அம்மா இல்லாத வீடு, படுக்கையில் அப்பா, இரண்டு பெண்கள். மூத்தவள் தன் படிப்பை விட்டுவிட்டுத் தையல் மெஷின் மிதித்துத் தங்கையைப் படிக்க அனுப்புகிறாள். நகரத்துக்குப் போன தங்கை குட்டை முடியும் பேன்ட்டுமாகத் தலைகால் புரியாத திமிரோடு திரும்பி வருகிறாள். கதாநாயகன் அவளை அடக்கி வழிக்குக் கொண்டுவருகிறான். கடைசியில் அவள் அக்கா காலில் விழுந்து கதறுகிறாள். இது போதாதா? ஊரைவிட்டுப் போனவள் என்ன ஆனாள், வீட்டோடு இருந்தவள் எப்படி நிமிர்ந்து நின்றாள் என்று படமே சொல்லிவிடும். தான் வாயைத் திறக்கவே வேண்டாம்.

சனிக்கிழமை மத்தியானம், வேலைக்கு நடுவில், ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் அந்தப் படத்தை ஒருதரம் ஓட்டிப் பார்த்தாள். முதல் காட்சியிலேயே எங்கேயோ இடித்தது. பஸ் நிறுத்தத்தில் கதாநாயகனும் கூட்டாளிகளும் வரிசையாக நின்றுகொண்டு, போகிற வருகிற பெண்களுக்கு மார்க் போடுகிறார்கள். அந்தக் காலத்தில் கத்திரியக்கா இதற்கு உருண்டு புரண்டு சிரித்திருக்கிறாள். இப்போது பார்த்தால், அங்கே புத்தகப் பையோடு நின்ற பெண்ணுக்குத் தன் மகள் வயதுதான் இருக்கும். அடுத்து ஒரு பருத்த சமையல்கார அம்மாள் உட்கார, நாற்காலி உடைகிறது. எல்லாரும் கைகொட்டுகிறார்கள். கறுத்த பையன் ஒருவன் வந்ததும், யாராவது லைட்டைப் போடுங்கப்பா என்கிறான் ஒருத்தன். திக்கிப் பேசுகிறவரை அவர் எதிரிலேயே திக்கிக் காட்டுகிறார்கள். கதாநாயகன் சைக்கிளில் துரத்திக்கொண்டே ஒரு முழுப் பாட்டுப் பாடுகிறான், தங்கைக்காரி வேண்டாம் வேண்டாம் என்று ஓடுகிறாள், அதற்குப் பேர் காதலாம். ஒரு நாள் நடுத்தெருவில் ஓங்கி ஓர் அறை விடுகிறான். உடனே வயலின் வாசிக்கிறது. அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவனையே உருகிப் போய்ப் பார்க்கிறாள். கத்திரியக்கா அதை நிறுத்திப் பின்னால் ஓட்டி மறுபடியும் பார்த்தாள். அந்தப் பெண் உருகத்தான் செய்தாள்.

கர்மம், இதையா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம் என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது. கூச்சத்தைவிடப் பெரிதாக இன்னொன்று உறைத்தது. இதை மகளுக்குக் காட்டினால், இதையெல்லாம் ரசிச்சியாம்மா என்று கேட்பாள். கேட்டதோடு விடாமல் போனை எடுத்துச் சித்தியிடம் சொல்வாள். இரண்டும் சேர்ந்துகொண்டு சிரிக்கும். அந்தச் சிரிப்பு அவள் காதில் இப்போதே விழுந்தது. படத்தை விட்டுவிடலாம் என்றால், கையில் வேறு ஆயுதமும் இல்லை.

வெட்டுகிறவளுக்கு வெட்டுவதைத் தவிர என்ன தெரியும்? உட்கார்ந்து வெட்டினாள். மார்க் போட்டது போனது. நாற்காலி, லைட்டு, திக்குவாய், சைக்கிள் பாட்டு, அறை எல்லாம் போயின. தங்கைக்காரி வருகிற காட்சியெல்லாம் ஏதாவது ஓர் அவமானத்தில்தான் முடிந்தது. ஆகையால் அவமானத்தோடு அவளும் போனாள். கதாநாயகனிடம் வெட்டாமல் விடுவதற்கு ஒன்றுமே இல்லை. மிஞ்சியது அக்கா. அக்கா தைக்கிறாள், அக்கா பாத்திரம் துலக்குகிறாள், அக்கா பாடுகிறாள். அக்காவுக்கு ஒரு நல்ல வேலை வந்து, ரயில் நிலையம் வரைக்கும் போய்விட்டு, அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைத்து, நான் எங்கயும் போகல, எனக்கு இந்த வீடே போதும் என்று சிரித்துக்கொண்டே கண் கலங்குகிறாளே, அந்த இடம் மட்டும் மாசு மருவில்லாமல் இருந்தது. கத்திரியக்கா அதை நகத்தால்கூடத் தொடவில்லை. இப்போதும் இரண்டு தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தாள். காலில் விழுகிற கடைசிக் காட்சியை விட மனம் வராமல் அதையும் ஒட்டிக்கொண்டாள். தங்கையே இல்லாத அக்கா படம், மனதுக்கு என்ன இதமாக இருந்தது தெரியுமா? எட்டிப் பார்த்த ஸ்டூடியோக்காரர், கல்யாணக்காரங்க என் கழுத்தைப் பிடிக்கறாங்க, நீங்க இங்க சினிமா எடுக்கறீங்களா என்று தலையில் அடித்துக்கொண்டு போனார்.

ஞாயிறு மத்தியானம் திரைச்சீலையை இழுத்துவிட்டு, வறுத்த கடலையோடு தாயும் மகளும் உட்கார்ந்தார்கள். போனைக் கவிழ்த்து வைக்க வேண்டும் என்பது அம்மாவின் ஒரே நிபந்தனை. படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், அக்கா தைத்துக்கொண்டிருக்கும்போதே, திரையின் நடுவில் ஒரு ரோஜாப்பூ மெல்ல விரிந்து, அதற்குள்ளிருந்து அடுத்த காட்சி வந்தது.

கத்திரியக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெட்டிய இடம் தெரியாமலிருக்க ரோஜாவை வைப்பது அவளுடைய தொழில் முத்திரை. கல்யாண வீட்டார் கேட்டு வாங்குவார்கள். ஊறிப்போன பழக்கம், கை தன்பாட்டுக்கு வைத்துவிட்டிருக்கிறது. வெட்டிய இடம் ஒவ்வொன்றிலும் வைத்துவிட்டிருக்கிறது. இன்னொரு ரோஜா விரிந்தது. உடனே இன்னொன்று. மகள் ஓரக்கண்ணால் அம்மாவைப் பார்த்தாள்.

“அம்மா, இது யார் வீட்டுக் கல்யாணம்?” என்றாள்.

அவ்வளவுதான், கடலையெல்லாம் சிதற அந்தப் பெண் சோபாவில் சாய்ந்து சாய்ந்து சிரித்தது. கத்திரியக்காவுக்கு மூக்கு உடைந்ததுதான். ஆனால் மகளின் தலை அவள் தோளில் கிடந்தது, சிரிப்பும் அங்கேயே அதிர்ந்தது. சித்தி இந்தச் சிரிப்பில் இல்லை. அதனால் அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். ரயில் நிலையக் காட்சி வந்தபோது மகள் சிரிப்பதை நிறுத்திவிட்டுக் கவனமாகப் பார்த்தாள். முடிவில் ஒருத்தி ஓடிவந்து அக்கா காலில் விழுந்ததும், யாரும்மா இது, எதுக்கு விழறாங்க என்று குழம்பிப் போனாள்.

வெட்டியதைக் காட்டு என்று பிடிவாதம் பிடித்தாள். வேறு வழியில்லாமல் கத்திரியக்கா அந்த இடங்களைப் போட்டுக் காட்டினாள். பஸ் நிறுத்தத்துக்கு மகள் முகம் சுளித்தாள். அறைக்குக் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. படம் நின்றதும் கேட்டாள்.

“இவங்க சித்தி மாதிரி இருக்காங்கல்ல? அந்த முடி, பேன்ட்டு எல்லாம். எனக்குக் காட்டத்தானே இந்தப் படத்தை எடுத்த?”

மாட்டிக்கொண்டாள். மழுப்ப நினைத்து வாயைத் திறந்தவளுக்கு உண்மைதான் வந்தது.

“ஆமாடி, பொறாமைதான். எங்கம்மா வேலைக்குப் போயிட்டா அவளைத் தூக்கி வளத்தது நான். உன்னைப் பெத்தது நான். நீங்க ரெண்டு பேரும் சேந்து சிரிக்கறப்ப, என்னை மட்டும் வெளிய தள்ளிக் கதவைச் சாத்தின மாதிரி இருக்கு. போதுமா?”

மகள் சிதறிய கடலையைக் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். கவிழ்த்து வைத்த போன் அடித்தது. யாரென்று இரண்டு பேருக்கும் தெரியும். அடித்து ஓயும்வரை அவள் எடுக்கவில்லை. பிறகு வந்து அம்மாவின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள்.

“நான் போகலம்மா. எனக்கு இந்த வீடே போதும்.”

இதைக் கேட்கத்தானே இத்தனை பாடு! கத்திரியக்காவுக்கு உச்சி குளிர்ந்தது. பொய் சொல்லக்கூடாது, நன்றாகவே குளிர்ந்தது. மகளை இழுத்து அணைத்துக்கொள்ளலாம் என்று திரும்பினாள். மகளின் உதடு சிரித்துக்கொண்டிருந்தது. கண் மட்டும் கலங்கியிருந்தது.

நேற்று மத்தியானம் முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும், இதை எப்படி விட்டாள்? அறையைக் கண்டுபிடித்தாள், கேலியைக் கண்டுபிடித்தாள். எல்லாரும் கைதட்டிய இந்தச் சிரிப்பைப் படத்திலேயே நல்ல இடம் என்று பத்திரமாக வைத்திருந்துவிட்டாள். அவளும் ஒரு காலத்தில் இதே மாதிரி சிரித்திருக்கிறாள். தங்கையைப் படிக்க வழியனுப்பிவிட்டு வந்த அன்றைக்கு, உனக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு என்று வீடே மெச்சியது. உனக்குப் போக ஆசையில்லையா என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த மாதம் ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தாள்.

மகளின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள்.

“உனக்குப் போகணும்னு இருக்கா, இல்லையா? என் மூஞ்சியைப் பாக்காத. அந்தச் செவத்தைப் பாத்துச் சொல்லு.”

மகள் சுவரைப் பார்த்தாள்.

“இருக்கு,” என்றாள் சுவரிடம்.

கத்திரியக்கா போனை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டாள். அவ வர்றா, இடம் வாங்கிடு என்று சொல்லிவிட்டு, தினமும் ராத்திரி என்கிட்ட பேசின பிறகுதான் உன்கூடச் சிரிப்பு என்று கறாராகச் சேர்த்துக்கொண்டாள். மறுமுனையில் போட்ட கூச்சல் அறை முழுக்கக் கேட்டது. மகள் போனைப் பிடுங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் ஓடினாள். என்ன பள்ளிக்கூடம், என்ன பெயின்ட், எந்த ரூம் என்று மூச்சுவிடாமல் பேசினாள்.

கத்திரியக்கா சமையலறையில் நின்று தண்ணீர் குடித்தாள். வயிறு எரியத்தான் செய்தது, முன்னைவிட மோசமாக எரிந்தது. தங்கை மேல் அல்ல. அங்கே ஜன்னலோரம் நின்று சிரித்துக்கொண்டிருக்கிற அந்தப் பெண்ணிடம், சுவரைப் பார்த்துச் சொல்லு என்று கேட்க ஓர் ஆள் இருந்ததே, அந்த எரிச்சல்.