பின் இருக்கை

அந்தத் தெருவில் அவரைக் கண்ணாடிக்காரர் என்றால்தான் தெரியும். மூக்குக்கண்ணாடிக் கடை. லென்ஸைத் தேய்த்து, ஓரம் சீவி, பிரேமுக்குள் அலுங்காமல் உட்கார வைப்பதுதான் வேலை. பேச்சிலும் சிக்கனம், உடுப்பிலும் சிக்கனம். அப்படிப்பட்டவர் முப்பத்து நாலு வயதில், ஒரு டாக்டர் ஊரைவிட்டுப் போகும்போது விற்ற பழைய பிரெஞ்சுக் காரை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தியபோது, தெருவே வாயைப் பிளந்தது.

நீண்டு சரிந்த மூக்கு, ஒடுங்கிய பின்பக்கம். ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்விளக்குகளும் கூடவே திரும்பும். இரும்பு ஸ்பிரிங் என்பதே அதில் கிடையாது. வாயு அடைத்த உருண்டைகளும் பச்சை எண்ணெயும்தான் வண்டியைத் தாங்கின. நிறுத்தி வைத்தால் வயிறு தரையில் படுகிற மாதிரி படுத்துக்கொள்ளும். சாவியைத் திருப்பினால் சோம்பல் முறித்துக்கொண்டு மெல்ல எழும்பும்.

"போயும் போயும் ஒரு தவளையைப் பிடிச்சிட்டு வந்திருக்கீங்க" என்றாள் அவர் மனைவி. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அதைத் துடைக்கும்போது, "மூத்த தாரத்தைக் குளிப்பாட்டியாச்சுன்னா இளைய தாரம் சாப்பாடு போடலாமா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்பாள். அவரும் சிரிக்காமல், "இன்னும் முதுகு பாக்கி" என்பார்.

அவளுக்கு ஐம்பத்தெட்டாவது வயதில் முதுகெலும்பில் நோய் வந்தது. வாரம் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பதினான்கு கிலோமீட்டர், அதில் பாதி குண்டும் குழியும். முதல் தடவை ஆம்புலன்ஸில் போனபோது, இறக்கும் நேரத்தில் அவள் உதட்டில் ரத்தம் இருந்தது. வலி பொறுக்காமல் கடித்திருந்தாள்.

அடுத்த தடவை அவர் காரின் பின் இருக்கையில் இரண்டு தலையணை போட்டு அவளைப் படுக்க வைத்தார். கூடமாட ஒத்தாசைக்கு வந்திருந்த அவள் தங்கை முன்னால் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"வந்தாச்சா? அதுக்குள்ளயா?"

"வலிச்சுதா?"

"தூங்கிட்டேன். தொட்டில்ல போட்ட மாதிரி இருந்துச்சு."

அன்று கண்ணாடிக்காரர் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் தாமாகவே பேசினார். மருந்து செய்யாததை என் வண்டி செய்கிறது என்று, வண்டியைப் பார்க்கும் மெக்கானிக்கிடம் இரண்டு தடவை சொன்னார். பதினோரு மாதம் அப்படியே ஓடியது.

பிறகு வண்டிக்கு அடியில் பச்சை எண்ணெய் சொட்ட ஆரம்பித்தது. மெக்கானிக் கீழே படுத்துப் பார்த்தான். "ரப்பர் குழாய்க்கு வயசாயிடுச்சுண்ணே. வெளியூர்லேர்ந்து வரணும். ஒரு வாரம் வண்டியை விட்டுட்டுப் போங்க."

"ஒரு வாரத்துல ரெண்டு தடவை ஆஸ்பத்திரி இருக்கே தம்பி."

விடவில்லை. எண்ணெயை ஊற்றி ஊற்றி ஓட்டினார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவளைக் கைத்தாங்கலாக வாசலுக்குக் கொண்டு வந்த பிறகு சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஓடியது, வண்டி எழும்பவில்லை. குழாய் பிய்ந்து, வாசலெல்லாம் எண்ணெய்.

டாக்ஸியில்தான் போனார்கள். வழிநெடுக அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்த இடம் நான்கு நாள் கன்றிப்போய்க் கிடந்தது. அந்தத் தடவை அவளை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள்.

"தவளை எழுந்திருச்சா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"எழுந்திருச்சு" என்று பொய் சொன்னார்.

"அப்ப அதுலயே வீட்டுக்குப் போயிடலாம்."

பதினோராம் நாள் மத்தியானம் அவள் போய்விட்டாள். ஆஸ்பத்திரி வேனில்தான் வீடு வந்தாள்.

ஏழு மாதம் அவர் அந்த வண்டிப் பக்கமே போகவில்லை. பழைய கார் சேகரிக்கும் அம்மா ஒருவர் கேள்விப்பட்டு வந்து, போர்வையை விலக்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இதுக்கப்புறம் எத்தனையோ கார் வந்தாச்சு. இது மட்டும் இனிமேதான் வரப்போற வண்டி மாதிரி இருக்கு" என்றார். கண்ணாடிக்காரர் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். கொடுக்கும் முன் பழுது பார்த்துக் கொடுப்பதுதான் முறை என்று புதுக் குழாய் போடச் சொன்னார்.

வண்டி தயாரானதும் மெக்கானிக்கை ஓட்டச் சொல்லிவிட்டுப் பின்னால் ஏறினார். இத்தனை வருடத்தில் அவர் பின்னால் உட்கார்ந்ததே இல்லை. "ஆஸ்பத்திரி ரோட்டுல போ" என்று சொல்லிவிட்டு, அவள் படுத்த மாதிரியே படுத்துக்கொண்டார். ஜன்னலில் மின்கம்பிகளும் மர உச்சிகளும் போயின.

முதல் பள்ளத்தில் இடுப்பில் சுருக்கென்றது. ரயில்வே கேட்டைத் தாண்டும்போது உடம்பு எழும்பி விழுந்தது. நல்ல உடம்புக்கே இப்படி.

"குழாய் சரியா போட்டியா?"

"புதுசாட்டம் இருக்குண்ணே. முன்னாடி ஒண்ணுமே தெரியல. பின்னாடி படுத்தா கொஞ்சம் தூக்கிப் போடத்தானே செய்யும்? என்ன, நிறுத்தட்டுமா?"

"வேண்டாம். போ."

வீட்டுக்கு வந்தவர் நேரே அடுப்படிக்குப் போனார். அக்கா போன பிறகும் அங்கேயே தங்கியிருந்த மச்சினி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கார்ல போறப்ப வலிக்குதுன்னு உங்கக்கா எப்பவாவது சொன்னாளா?"

அவள் குழாயை மூடினாள்.

"சொன்னா அத்தான். ஆம்புலன்ஸுக்கு இது தேவலைதான், ஆனா வலிக்குதுன்னா. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னும் சொன்னா."

"ஏன்?"

"அந்த மனுஷனால செய்ய முடிஞ்சது இது ஒண்ணுதான், அதையும் நான் பிடுங்கிக்க மாட்டேன்னா."

அவர் அங்கேயே, தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். மச்சினி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

அந்த வாரக் கடைசியில் அந்த அம்மா வந்தார். சாவியைக் கொடுக்கும்போது கண்ணாடிக்காரர் ஒன்றுதான் சொன்னார்: "பின்னாடி யாராவது இருந்தா பள்ளத்துல மெதுவா போங்கம்மா. முன்னாடி இருக்கறவங்களுக்குத் தெரியாது."

வண்டி எழும்பி, தெருக்கோடியில் திரும்பிப் போனது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்கு நடந்தார்.